ரெண்டாம் கையில் உப்பு

புதிதாக இந்த டிவி கேம் ரிப்பேர் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் உங்களோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். நீங்கள் கன்ட்ரோலர் என்கிறீர்களே, அதற்கு எங்கள் கடையில் ‘கை’ என்று பெயர். படித்தவர்கள் ஜாய்ஸ்டிக் என்பார்கள். எங்களுக்கு ஒன்னாம் கை, ரெண்டாம் கை, அவ்வளவுதான். “அண்ணாச்சி, ஒன்னாம் கை ஒடிஞ்சுபோச்சு, சீக்கிரம் பாருங்க” என்று ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட, பக்கத்து மருந்துக்கடைக்காரர் பஞ்சும் கட்டுத்துணியுமாக ஓடிவந்த கதையெல்லாம் உண்டு.

பழைய கை சுத்தமான செவ்வகம். ஓரம் உள்ளங்கையில் குத்தும். இடதுபக்கம் ஒரு பிளஸ் குறி, வலதுபக்கம் இரண்டு சிவப்புப் பட்டன். ஒன்று குதிக்க, ஒன்று சுட. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? இப்போது வருகிற கையில் பட்டனை எண்ணி முடிப்பதற்குள் எனக்குக் காப்பி ஆறிவிடுகிறது. ஒயர் வேறு இல்லை என்கிறீர்கள். தோற்ற ஆத்திரத்தில் பழைய கையை வீசி எறிந்தால், ஒயரோடு திரும்பி வந்து எறிந்தவன் முழங்காலிலேயே அடிக்கும். அந்த நியாயம் உங்கள் ஒயர் இல்லாத கையில் கிடையாது.

திரையில் வரும் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று சதுரத்தை அடுக்கினால் அது மனுஷன். நீலப் பட்டை போட்டால் கடல். பழுப்புக் குச்சியின் மேல் பச்சைக் கட்டம் வைத்தால் மரம். அது என்ன மரம் என்று விளாத்திகுளத்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளருக்கும் எங்கள் கடை அக்காவுக்கும் ஒருநாள் முழுக்க வாக்குவாதம். அவர் உடைமரம் என்கிறார், அக்கா பனை என்று அடித்துப் பேசுகிறார். இன்றைக்கு உங்கள் திரையில் இலை நரம்புகூடத் தெரிகிறது, சண்டை போட என்ன இருக்கிறது? பழைய படம் பாதி வேலையை நம் தலையில் கட்டிவிடும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் இதில்தான் ஒரு அண்ணனும் தங்கையும் மாட்டிக்கொண்டார்கள்.

அக்கா என்றேனே, அவர் முப்பது வருஷம் எனக்கு எதிர்மேசையில் இருந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஈயம் வைத்து ஒட்டுவதில் மாவட்டத்திலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது, ஏசுவதிலும்தான்.

கடலும் உப்பளமும் சூழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டாலும் காரணம் உப்பு. ஃபேன் நின்றால் உப்பு. சைக்கிள் செயின் அறுந்தால் உப்பு. கதவு திறக்கவில்லையா, உப்புக்காற்று. பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது, அதுதான் வினை. கடைக்கு வரும் பொருளில் ஒரு அட்டை கட்டுவோம்: பெயர், பொருள், பழுதின் காரணம். நான் சேர்ந்த புதிதில், ஒரு கை மேசைக்கு வந்ததுமே, திறப்பதற்கு முன்னால், காரணத்தில் ‘உப்பு’ என்று எழுதிவிடுவேன்.

ஒருமுறை துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றில் சமையல் பார்க்கிற வேம்பார்க்காரர் ஒரு கையைக் கொண்டுவந்தார். வலதுபக்கப் பட்டன் அமுங்கவில்லை. கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது என்று அவசரப்படுத்தினார். நான் உப்பு என்று எழுதி, இடுக்கில் ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, நாலு தட்டுத் தட்டி, அமுங்கியதும் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஆள் வந்தார். ஏசவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் விரித்தார். உள்ளே ஒரே ஒரு கடுகு.

“என் கடுகுதான் அண்ணாச்சி. தாளிக்கும்போது தெறிச்சு உள்ள போயிருக்கு. கரை தாண்டுமுன்னே பட்டன் திரும்பவும் நின்னுட்டு. நீங்க உப்புன்னு எழுதுன அட்டை இருக்குல்லா, அதை எங்க பயலுவ சாப்பாட்டு மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கானுவ. தெனமும் என் குழம்பை ஒரு வாய் வச்சிட்டு அந்த அட்டையைக் காட்டுதானுவ.”

அக்கா சிரித்த சிரிப்பில் அன்றைக்கு வேலையே ஓடவில்லை. சிரித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஏலே, இனிமே திறந்து பாக்காம உப்புன்னு எழுதுன, கையை ஒடிச்சிருவேன்.” எந்தக் கை என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் திறக்காமல் எழுதியதே இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது.

ஒரு புதன்கிழமை காயல்பட்டினத்திலிருந்து ஜைனம்பு என்று ஒரு தங்கச்சி வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. துணிப்பைக்குள் துண்டு சுற்றி ஒரு பழைய டிவி கேம், இரண்டு கை, ஒரு கேசட்.

“வாப்பா சவூதியில இருந்து கொண்டுவந்தாக. காக்காவும் நானும் வெளையாண்டது. வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடணும் அண்ணாச்சி. எப்படியாச்சும் ஓடணும்.”

அவர்கள் பக்கத்தில் வாப்பா என்றால் அப்பா, காக்கா என்றால் அண்ணன். பழைய பொருளுக்கு இப்படி ஒரு அவசரத்தை நான் கண்டதில்லை. என்னம்மா விஷயம் என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். மூன்று வருஷம் முன்பு அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று.

“அச்சுல விட்டது அண்ணாச்சி, நான் சரியாப் பாக்கல. ஊரெல்லாம் குடுத்த பெறவுதான் தெரிஞ்சுது. தாய்மாமன் பேரு இல்லாமப் பத்திரிகை அடிச்சா யாருதான் பொறுப்பாக? அன்னைக்கு வாசலோட போனவுகதான். துபாயில இருந்து லீவுல வருவாக, மூணு தெரு தள்ளி மச்சி வீட்டுலதான் இருப்பாக, என் வாசப்படி மட்டும் ஏற மாட்டாக.”

மச்சி என்றது அண்ணியை. அவர்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் கல்யாணம் முடிந்ததும் மனைவி வீட்டோடு போய்விடுவார்கள், பிறந்த வீடு பெண்பிள்ளைக்கு. அதனால் வீட்டோடு சேர்ந்து டிவி கேமும் தங்கையிடமே தங்கிவிட்டது. பேசிப் பார்த்து, ஆள் விட்டுப் பார்த்து, கடைசியில் இந்த டிவி கேமை வைத்து ஒரு பந்தயம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரணும், ஒரே ஒரு கார் ரேஸ். தங்கை ஜெயித்தால் காக்கா அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடணும். தோற்றால் தங்கை இனிமேல் கூப்பிடவே மாட்டார். காக்காவிடமிருந்து ‘சரி’ என்று ஒற்றை வார்த்தை வந்திருக்கிறது.

“அவ்வளவு தைரியமா பந்தயம் வச்சிட்டீகளே, தோத்துட்டா?” என்று அக்கா எதிர்மேசையிலிருந்து கேட்டார்.

“நானா? நல்லாக் கேட்டீக. அந்த மஞ்சக் காரை நான் எடுத்தா காக்கா கிட்டக்கூட வர முடியாது. நாலு ஆட்டத்துல மூணு நான்தான் ஜெயிப்பேன். ரெண்டாம் கை மட்டும் நல்லா இருந்தாப் போதும், அதான் என் கை.”

மறுநாள் வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மெஷினில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்னாம் கைக்குக் கொஞ்சம் துடைப்பு. ரெண்டாம் கையைத் திறந்தேன். உப்பு இல்லை, துரு இல்லை, கடுகும் இல்லை. உள்ளே வருகிற அத்தனை ஒயரும் வெட்டப்பட்டிருந்தன. தானாக அறுந்ததில்லை. யாரோ வெட்டி, முனைகளை மடக்கி, மேலே செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் மஞ்சளித்துக் கருவாடு மாதிரி காய்ந்துபோயிருந்தது. முப்பது வருஷத்துக்குக் குறையாது.

கையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பட்டனிலும் சிவப்புச் சாயம் போய் வெளுத்திருந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் குழி. ஒயரே இல்லாத பட்டனை அந்தப் பிள்ளை வருஷக்கணக்காக அமுக்கியிருக்கிறது. எதிர்மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆட்டத்தைத் தொடங்கும் பட்டன் ஒன்னாம் கையில்தான் உண்டு. ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று தேர்ந்தெடுப்பது காக்கா. ஒரு ஆள் என்று தட்டினால் மஞ்சள் காரை மெஷினே ஓட்டும். படமோ இரண்டு கட்டம் போட்ட கார், அது திரும்பும்போது இந்தப் பிள்ளையும் அமுக்கியிருக்கும், மனசு மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும். இன்றைய திரையாக இருந்தால் யார் ஓட்டுவது என்று பெயரைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

“அடப் பாவி, கூடப்பெறந்தவளை இப்படியா ஏமாத்துவான்!” என்றார் அக்கா. நானும் ஒத்து ஏசினேன். ஏசிக்கொண்டே அத்தனை ஒயரையும் ஒட்டினேன். நம் வேலை அதுதானே.

மத்தியானம் ஜைனம்பு வந்தார். “என்ன பழுது அண்ணாச்சி?”

வாயில் வந்ததைப் பாருங்கள். “உப்பும்மா” என்றேன். எதிர்மேசையில் அக்காவின் ஈயம் உருக்கும் இரும்பு அப்படியே நின்றது.

கடை டிவியில் மாட்டி, ரெண்டாம் கையை அவரிடம் கொடுத்து, இரண்டு ஆள் என்று தட்டினேன். அந்த மஞ்சள் கார் கிளம்பியதும் நேராகச் சுவரில் போய் முட்டியது. அடுத்த ஆட்டத்தில் கடலுக்குள் இறங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தது. ஓட்டத் தெரியாத நான் மூன்றிலும் ஜெயித்தேன்.

“இது என் கை இல்ல அண்ணாச்சி. என்னமோ மாத்திட்டீங்க. நான் தொட்டாப் பறக்குமே!” கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “நாளைக்கு இப்படித் தோத்தா என்ன செய்வேன்? இனிமே கூப்பிட மாட்டேன்னு என் வாயாலயே சொல்லிவிட்டேனே.”

அரை மணி நேரம் கொடுங்கம்மா, பஜாரில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் போனதும் ஒரு ஆள் என்று தட்டி விளையாடிப் பார்த்தேன். மெஷின் ஓட்டும் மஞ்சள் கார் பேயாகப் பறந்தது. நாலு ஆட்டத்தில் மூன்று அதற்கே வெற்றி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏமாற்ற நினைக்கிறவன் ஜெயிக்கிற காரையா தங்கச்சிக்குக் கொடுப்பான்? ஒயர் வெட்டினவனுக்கு எந்தக் கார் ஜெயிக்கும் என்று தெரியாதா? தெரிந்தேதானே பந்தயத்துக்குச் சரி என்றிருக்கிறான்! அந்த வீட்டில் சாப்பிட வேண்டும் என்று அவனுக்கும் ஆசை. வரச் சாக்குத்தான் இல்லை.

“உண்மையைச் சொல்லிரு” என்றார் அக்கா.

“என்னன்னு சொல்ல? ‘நீ ஒருநாளும் ஓட்டவே இல்லம்மா’ன்னா? நாளைக்குப் பந்தயத்தை வச்சுக்கிட்டு?”

“அப்போ என்ன செய்யப் போற?”

கட்டரை எடுத்தேன். அக்கா எழுந்தே வந்துவிட்டார். “ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? நம்ம வேலை ஒட்டுறது. வெட்டுறது இல்ல.”

காக்கா வழக்கம்போல ஒரு ஆள் என்றுதான் தட்டுவான் என்ற நம்பிக்கையில் வெட்டினேன். நானே ஒட்டியதை நானே வெட்டியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். ஜைனம்பு திரும்பி வந்தார். ஒரு ஆள் என்று தட்டினேன். மஞ்சள் கார் பறந்தது. அந்தத் தங்கச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உடம்பையே இடதும் வலதுமாகச் சாய்த்து, பட்டனை இடி இடியென்று இடித்து, என்னைத் தோற்கடித்தார். “அல்லாவே, இதுதான் என் கை!” என்று அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். நான் அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அக்கா என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு நெட்டையான ஆள் கடைக்குள் வந்தார். நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை. ஒரு பையிலிருந்து ரெண்டாம் கையை எடுத்து என் முன்னால் வைத்தார். மூடியைக் கழற்றியே கொண்டுவந்திருந்தார்.

“இதை வெட்டுனது யாரு?”

“நீங்கதானே?” என்றேன் நான், கொஞ்சம் மிதப்பாக.

“நான் வெட்டுனது எட்டாப்பு படிக்கும்போது, நகவெட்டி வச்சு. கோணமாணலா இருக்கும். இது ஒரே சீரா இருக்கு. தொழில்காரன் வெட்டு.”

அக்கா ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து சொன்னார்.

“அவளுக்கு அப்போ அஞ்சு வயசு. தோத்தா ஒரே அழுகை, சோறு உண்ண மாட்டா. உம்மா என்னையப் போட்டு அடிப்பாக. வேணும்னே தோத்தா அதையும் கண்டுபிடிச்சிட்டு அழுவா. அதான் ஒரு நாள் திறந்து வெட்டிட்டேன். அன்னையோட அழுகை நின்னுபோச்சு. பெறவு சொல்ல நேரம் வாய்க்கல, அப்படியே வருஷம் ஓடிட்டு. நேத்து போகும்போது ஒரு முடிவோட போனேன். எனக்கும் அம்பதைத் தொடப்போவுது, இன்னமும் மெஷினை வச்சு அவளை ஜெயிக்க வைக்கிறதா? கடையில குடுத்து எடுத்திருக்கா, எப்படியும் ஒட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். நேரா மோதி, அவகிட்டயே தோத்துப்போவோம்னு ரெண்டு ஆளுன்னு தட்டினேன்.”

ஒட்டியபடி விட்டிருந்தால் எல்லாம் தன்னால் சரியாகியிருக்கும். நான்தான் அதிபுத்திசாலியாகக் கட்டரை எடுத்தேன்.

“என் கார் கெளம்பிட்டு. அவ கார் கோட்டுலயே நிக்கிது. அமுக்குதா, அமுக்குதா, அசைய மாட்டேங்குது. நானும் என் காரைத் திருப்பிக் கொண்டுவந்து அவ பக்கத்துல நிறுத்திட்டேன். ரெண்டு காரும் கோட்டுலயே நிக்கிது. வீட்டுல அவ புள்ளைங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிதுக. அவ கையைப் பாத்தா, ஒயரைப் பாத்தா, பெறவு என் மூஞ்சியப் பாத்தா. இதோட முடிஞ்சுது, இனி இந்த வாசலை மறந்துர வேண்டியதுதான்னு நெனச்சேன் அண்ணாச்சி.”

“என்ன சொன்னாக?” என்று கேட்டார் அக்கா.

“கையைக் கீழ வச்சா. ‘உப்பு, காக்கா. கடைக்கார அண்ணாச்சிகூட உப்புன்னுதான் சொன்னாக. நம்ம ஊருல எதுல உப்பு ஏறல?’ன்னா. பெறவு, ‘எந்திரிங்க, சோறு ஆறுது’ன்னா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். எங்களுக்கும் பஸ்ஸைப் பார்க்க வேண்டியிருந்தது.

“உண்டியளா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை. கெளம்பும்போது இந்தக் கையைக் குடுத்தா. ‘அடுத்த லீவுக்குள்ள நெசமாவே ஓட்டப் பழகிருவேன், நெசமாவே ஜெயிப்பேன். சரியா ஒட்டித் தரச் சொல்லுங்க’ன்னு சொல்லுதா.” அவர் கையை என் பக்கம் நகர்த்தினார். “ஒட்டிருங்க அண்ணாச்சி. இந்தத் தடவை மூளையை ஓட்டாதீங்க.”

தம்பிகளே, தங்கச்சிகளே, வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான். பொருள் நம் கையில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்கதை முழுக்க நமக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அதை நம்பாதீர்கள். நம் கெட்டிக்காரத்தனத்தைவிட அந்தத் தங்கச்சிக்கு அன்றைக்கு வாயில் வந்த ஒரு சொல் பெரிது. அண்ணனையும் காப்பாற்றி, பொய் சொன்ன என்னையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது.

ஒட்டி முடித்தேன். அக்கா வந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார். “காரணத்தை எழுதுலே.”

பேனாவை எடுத்து, பழுதின் காரணம் என்ற இடத்தில் ‘உப்பு’ என்று எழுதினேன்.

அக்கா அட்டையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“திறந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன் அக்கா” என்றேன்.